பிடிபட்ட கப்பல் சாமானில் பாடிய கொழும்பு

1923ஆம் ஆண்டு, கொழும்புக் கோட்டையில் இருந்த மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் பாட்டு காற்றில் போனது. இலங்கையின் முதல் சோதனை ஒலிபரப்பு அது. லண்டனில் பிபிசி தொடங்கி ஒரு வருஷம்கூடச் சரியாகக் கழிந்திராத காலம். இந்தக் கதையில் எங்களைப் பிடித்து நிறுத்தியது பாட்டு இல்லை, அந்தப் பாட்டை அனுப்பிய பெட்டி. அது கடையில் வாங்கினதில்லை, இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கினதும் இல்லை. முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கம்பியில்லாத் தந்திச் சாமான்களைக் கொண்டு, தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் தாங்களே செய்து பொருத்திய சின்ன ட்ரான்ஸ்மிட்டர்.

இலங்கை வானொலியைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்தத் தகவலை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். பிறகு எட்வேர்ட் ஹார்ப்பர் வருவார், ஆளுநர் வருவார், மவுன்ட்பேட்டன் வருவார், மயில்வாகனம் வருவார். எங்களுக்கு அந்த ஒரு வரியில்தான் முழுச் சரித்திரமும் கிடக்கிற மாதிரித் தெரிகிறது. ஒரு கப்பலின் பழைய மின்சாமானைக் கழற்றி, துடைத்து, திருத்தி, அது செய்யப் பிறக்காத ஒரு வேலையைச் செய்ய வைத்த ஊர் இது. அதைச் செய்த கைகள் யாருடையவை எண்டு நாங்கள் கேட்கிறதே இல்லை.

முதலில் சாமானைப் பார்ப்போம். 1918 நவம்பரில் போர் நிறுத்தம் வந்ததும் ஜெர்மனி தன் நீர்மூழ்கிகளைச் சரணடையச் செய்ய வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் அவை வரிசை வரிசையாக வந்து நின்றன. வென்ற நாடுகள் அவற்றைப் பிரித்து எடுத்தன. எஞ்சின், பெரிஸ்கோப், மின்கலம் எண்டு எல்லாவற்றுக்கும் பெறுமதி இருந்தது. கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு இன்னும் கூட. அந்தக் காலத்தில் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனமும் பிரித்தானியாவின் மார்க்கோனி நிறுவனமும்தான் இந்தத் துறையின் இரண்டு பெரிய போட்டியாளர்கள். எதிரியின் பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆசை எந்தப் பொறியியலாளருக்குத்தான் இல்லை?

இலங்கையருக்கு ஜெர்மன் போர்க்கப்பல் புதிதும் இல்லை. 1914இல் எம்டன் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் திரிந்தது, செப்டெம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டது, கொழும்புப் பாதையில் போய்வந்த வணிகக் கப்பல்களைப் பிடித்தது. பொல்லாத ஆளை "சரியான எம்டன்" எண்டு சொல்கிற பழக்கம் அதிலிருந்து வந்ததுதான். அந்த எம்டனின் கதையை முடித்ததும் கம்பியில்லாத் தந்திதான். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்கப் போனபோது, உடைபடுவதற்கு முன் அந்த நிலையம் அனுப்பிய எச்சரிக்கையைக் கேட்டு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதை அடித்து முடித்தது.

சரி, பெட்டிக்கு வருவோம். ஒரு நீர்மூழ்கியின் தந்திக் கருவிக்கு வேலை ஒன்றே ஒன்று. மோர்ஸ் குறியீட்டில் "டிட், டா" எண்டு விட்டு விட்டு அலையை அனுப்ப வேண்டும். அலை இருக்குது, அலை இல்லை, அவ்வளவுதான். தீப்பொறியைக் கொண்டு அலை உண்டாக்கும் பழைய வகையானால் அதில் பாட்டுப் போகவே போகாது. அது கரகரப்பான சத்தக் கட்டிகளைத்தான் எறியும். பாட்டுப் போக வேண்டுமென்றால் அலை இடையறாமல் ஓட வேண்டும். அந்த ஓடுகிற அலையின் உயரம் பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி கூடிக் குறைய வேண்டும். இதைச் செய்யத்தான் வால்வு தேவைப்பட்டது. கண்ணாடிக் குமிழுக்குள் சூடாகிச் சிவக்கிற ஒரு இழை, அதற்குப் பக்கத்தில் ஒரு கம்பி வலை, அதற்கப்பால் ஒரு தகடு. வலையில் கொடுக்கிற சின்ன மின்னழுத்தம் தகட்டுக்குப் போகிற பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைக்கும். குழாய்த் திருகை ஒரு விரலால் திருப்பி வாய்க்கால் தண்ணியைக் கட்டுப்படுத்துகிற மாதிரி.

கொழும்பு ஆட்கள் செய்தது இதுதான்: தந்தி அடிக்கிற சாமானைப் பாட வைத்தார்கள். நேரடியாகக் கிராமபோன் ஊசியிலிருந்து மின்சாரமாகச் சத்தத்தை எடுக்கிற வசதி அப்போது இன்னும் பரவவில்லை. கிராமபோனின் கொம்புக்கு முன்னால் ஒலிவாங்கியை வைப்பதுதான் வழக்கமான வழி. நீர்மூழ்கியோ மின்கல அடுக்குகளில் ஓடுகிற நேர்மின்னோட்டக் கப்பல். அதன் சாமானுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கரையில் வேறு விதமாகத்தான் கொடுக்க முடியும். கப்பலில் இருந்த வானலைக் கம்பி வேறு, கோட்டையில் ஒரு கட்டிடத்தின் மேல் கட்டக்கூடிய கம்பி வேறு. கம்பியின் நீளம் மாறினால் சுருளும் கண்டென்சரும் மாற வேண்டும். ஆக, இது ஒரு பெட்டியைத் தூக்கிவந்து சுவிட்சைப் போடுகிற வேலை இல்லை. பாதி திருத்தம், பாதி கண்டுபிடிப்பு.

அதோடு உப்பு இருக்கிறது. கடலில் இருந்த எந்த மின்சாமானையும் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை தெரியும். செப்புக் கம்பியின் முனையில் பூஞ்சணம் மாதிரிப் படிகிற பச்சை. வெளியில் பார்க்க இணைப்பு நல்லாத்தான் இருக்கும், திருகாணி இறுக்கமாத்தான் இருக்கும், உள்ளே மின்சாரம் தடக்குப்படும். உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்திருக்கிற குணம். அதனால் ஒருமுறை உப்புக் காற்றுப் பட்ட சாமான் கரைக்கு வந்து மாசக் கணக்கானாலும் முழுசாகக் காய்வதில்லை. இரண்டு வேறு உலோகங்கள் தொடுகிற இடத்தில் அந்த ஈரம் ஒரு குட்டி மின்கலத்தையே உண்டாக்கி, ஒரு உலோகத்தை மற்றதற்காகத் தின்னும். பருத்தி நூலும் பட்டும் சுற்றிய அந்தக் காலத்துக் கம்பிகள் ஈரத்தை உறிஞ்சும். கண்டென்சருக்குள் இருக்கிற மெழுகுக் கடதாசியும் அப்படித்தான். கொழும்பு வேறு, வருஷம் முழுக்க வியர்க்கிற ஊர். கடலுக்குள் கிடந்த பெட்டி கடற்கரையில் வந்து குந்தினால் சுகப்பட்டுவிடுமா?

ஹார்ப்பர் 1921இல் இலங்கைக்கு வந்து தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளரானவர். ஒலிபரப்பில் அவருக்குப் பைத்தியம். இலங்கையரும் பிரித்தானியருமாகச் சேர்ந்த ஆர்வலர்களோடு ஒரு வயர்லெஸ் கழகத்தையும் தொடங்கினார். "இலங்கை ஒலிபரப்பின் தந்தை" எண்டு அவரைச் சொல்வார்கள். சொல்லட்டும், அவர் அதற்குத் தகுதியான ஆள்தான். ஆனால் "திணைக்களப் பொறியியலாளர்கள் செய்தார்கள்" என்று எழுதப்படுகிற அந்தப் பன்மைக்குள் யார் யார்? பற்றாசு வைத்தது யார், சுருள் சுற்றியது யார், இரவில் இருந்து கம்பி கம்பியாகச் சோதித்தது யார்? தந்தையின் பேர் இருக்குது, வேலை செய்த கைகளுக்குப் பேரில்லை. காலனியச் சரித்திரத்தில் இது புதுசில்லை. ரயில் பாதையும் இப்படித்தான், தேயிலைத் தோட்டமும் இப்படித்தான். எங்கள் சரித்திரம் எழுதுகிறவர்களும் இதே பழக்கத்தைத் தொடர்வதுதான் எங்களுக்கு எரிச்சல்.

கேட்டவர்களும் சும்மா கேட்டுவிடவில்லை. அந்தக் காலத்தில் வானொலி கேட்க ஆசைப்பட்டவர்களில் கனபேர் தாங்களே பெட்டி செய்தார்கள். கலீனா என்கிற ஈயத் தாதுக் கல்லில் ஒரு மெல்லிய கம்பி முனையைத் தொட்டுத் தொட்டு, சரியான புள்ளி அகப்படுகிறவரை தடவ வேண்டும். மின்கலம் தேவையில்லை. வருகிற அலையின் சக்தியிலேயே காதுக்குழாய் முணுமுணுக்கும். நிலையத்துக்குக் கிட்ட இருந்தால்தான் கேட்கும். அதனால் முதல் நேயர்கள் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டியிருக்க வழியில்லை. யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் அது அப்போது கேள்விப்பட்ட சங்கதி மட்டுமே.

1925 டிசம்பர் 16 அன்று, வெலிக்கடையிலிருந்து, ஆளுநர் ஹியூ கிளிஃபோர்ட் முறையான ஒலிபரப்பைத் தொடக்கி வைத்தார். பம்பாயில் இந்திய ஒலிபரப்பு நிறுவனத்தின் நிலையம் 1927 ஜூலையில்தான் வருகிறது. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்நின்ற வானொலிக் கழகம் 1924 ஜூலை 31இல் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது, ஆனால் காசில்லாமல் சில வருஷத்தில் படுத்துவிட்டது. சென்னையில் அகில இந்திய வானொலி வர 1938 ஆயிற்று. "ஆசியாவிலேயே நாங்கள்தான் முதல்" என்று மார்தட்டுகிற ஆட்கள் இரண்டு பக்கமும் உண்டு. அந்தப் போட்டியில் எங்களுக்கு அக்கறை இல்லை. சென்னையிலும் கொழும்பிலும் தொடக்கம் பொழுதுபோக்காகச் சாமான் கட்டினவர்களின் கையில்தான் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்த போரும் இந்தத் தீவின் வானலையை மாற்றியது. 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சோலின் கட்டலினா விமானம், ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்புத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. பிறகு மவுன்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் 1944இல் கண்டிக்கு வந்தது, படையினருக்காக ரேடியோ சியாக் வந்தது, எக்கலையில் 100 கிலோவாற் சிற்றலை ட்ரான்ஸ்மிட்டர் வந்தது. வெள்ளைக்காரன் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. 1949இல் அது ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1950களில் இந்திய அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியில் ஒதுக்கி வைக்க, பாட்டு ரசிகர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். தமிழ்நாட்டில் இன்றைக்கும் அறுபது வயது தாண்டிய யாரிடமும் "இலங்கை வானொலி" எண்டு சொல்லிப் பாருங்கள், மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் எண்டு பேர் பேராக வரும். அதாவது படைக்காகக் கொண்டுவந்த சாமான் பாட்டுக்குப் பயன்பட்டது இது இரண்டாவது தடவை.

குரல்களின் சரித்திரம் ஓரளவுக்கு எழுதப்பட்டுவிட்டது. பெட்டிகளைத் திருத்தினவர்களின் சரித்திரம்தான் இல்லை. அதற்குத் துறைமுகப் பக்கம் போக வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் இருக்கிறவர்களுக்குத் துறைமுகம் அடுத்த வீட்டு மதில் மாதிரி. தென்மேற்கு அலைதடுப்புக்கு 1875 டிசம்பரில் முதற்கல் வைத்தார்கள், பத்து வருஷத்தில் கட்டி முடிந்தது. அதுவரை காலியில் நின்ற நீராவிக் கப்பல்கள் அதற்குப் பிறகு கொழும்புக்குத் திரும்பின. கப்பல் வந்து நிற்கிற இடத்தில் கப்பல் பழுதாகும், பழுதானால் திருத்த ஆள் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை யந்திரங்களுக்குப் பேர்போன வோக்கர் நிறுவனம் கப்பல் திருத்தமும் செய்தது. பிறகு 1974இல் கொழும்பு டொக்யார்ட் நிறுவனம் வந்தது. கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம் பக்கத்து வீடுகளில் "துறைமுகத்தில வேலை" எண்டு சொல்கிற ஒரு தாத்தாவாவது இருப்பார். என்ன வேலை எண்டு கேட்டால்தான் கதை வரும்: ஒருவர் வெல்டிங், ஒருவர் மோட்டார் சுருள் சுற்றுகிறவர், ஒருவர் கப்பலுக்குச் சாமான் ஏத்துகிறவர். கப்பலில் கழித்த பம்பு மோட்டாரும் சுவிட்ச் பலகையும் செப்புக் கம்பியும் ஊருக்குள் வந்து வேறு உடம்பெடுக்கும். பஞ்சிகாவத்தைக்குப் போனால் வாகனத்துக்கு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் மின்சாமானுக்கு. அங்கே கிடைக்காதது உலகத்தில் இல்லை எண்டு சொல்கிறது கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

வெள்ளவத்தை வேறு மாதிரி. காலி வீதியிலும் ஒழுங்கைகளிலும் இருந்தது வீட்டு ரேடியோ திருத்துகிற கடைகள். முன்னால் கண்ணாடி அலுமாரி, பின்னால் வால்வுகள் தொங்கும் பலகை, ஈயம் உருகுகிற மணம், துண்டு கட்டி வைத்த பெட்டிகள். ரேடியோ வைத்திருக்கத் தபால் கந்தோரில் லைசன்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது. ஒரு ரேடியோ வீட்டில் ஒரு ஆள் மாதிரி, பழுதானால் எறிவதில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகளை எரித்தபோது என்னென்ன எரிந்தது எண்டு கணக்கெடுத்தவர்கள் கட்டிடத்தையும் சரக்கையும் எண்ணினார்கள். ஒரு திருத்துகிற கடையில் எரிவது சரக்கு இல்லை. இருபது வருஷமாகக் கழற்றிக் கழற்றிச் சேர்த்த உதிரிகள், எந்தப் பெட்டிக்கு எது பொருந்தும் எண்டு பென்சிலால் எழுதிய கொப்பிகள், திருத்தக் கொடுத்த மற்றவர்களின் ரேடியோக்கள். அதற்கு நட்டஈட்டுப் படிவத்தில் நிரல் கிடையாது.

1990க்குப் பிறகு வடக்கில் பொருளாதாரத் தடை. பேட்டரி போகக் கூடாத பொருட்களில் ஒன்று. அப்போது யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்பது. சுற்றுகிறவர் களைத்தால் வாசிப்பவரின் குரலும் களைக்கும். எங்களில் சிலரின் அம்மா அப்பா இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள், நாங்களும் சிரிப்போம். ஆனால் டைனமோ தருவது மாறுமின்னோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். நடுவில் டயோட் போட்டு, மின்னோட்டத்தை மட்டப்படுத்தக் கண்டென்சர் போட்டு அதைச் செய்து கொடுக்க ஊருக்கு ஒரு ஆள் இருந்திருக்கிறார். 1923இல் தந்தி அலுவலகத்தில் நடந்ததும் இதுவும் ஒரே வகை வேலை. ஒன்றுக்கு ஹார்ப்பரின் பேர் இருக்குது, மற்றதற்கு "ரேடியோ திருத்திற அண்ணை" எண்டதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இன்றைக்கு இந்த வேலை எங்கே நடக்குது எண்டு பார்க்க ஆசைப்பட்டால் முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். வாரக் கணக்கில் ஆழ்கடலில் நிற்கிற பலநாள் படகுகள். வீல் இருக்கிற சின்ன அறைக்குள் ஜிபிஎஸ், விஎச்எஃப் வானொலி, மீன் காட்டுகிற எக்கோ சவுண்டர். பணக்காரரின் மோட்டார் யாட்டில் இருக்கிற அதே சாமான்தான், மெத்தை மட்டும் இல்லை. பழுதும் அதேதான், நூறு வருஷத்துக்கு முந்தின நீர்மூழ்கியின் பழுது. "ரேடியோ செத்துப் போச்சு" எண்டு கொண்டுவந்தால் அநேகமாக ரேடியோவில் பிழையில்லை. பேட்டரியிலிருந்து வருகிற வயரின் முனை பச்சை பிடித்திருக்கும். கேட்கும்போது குறைந்த மின்னோட்டம் போதும் என்பதால் பெட்டி உயிரோடு இருக்கிற மாதிரித் தெரியும். பேச பொத்தானை அமுக்கினால் நிறைய மின்னோட்டம் வேண்டும், பழுதான இணைப்பில் மின்னழுத்தம் விழுந்துவிடும், பெட்டி அணையும். கரையில் இது பத்து நிமிஷ வேலை: வயரை வெட்டி, ஈயம் பூசிய புது வயர் போட்டு, முனையை நசுக்கி, உறை போட்டு மூடுவது. கடலில் முன்னூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போது அதே பச்சைதான் உதவி கேட்க முடியாமல் பண்ணுகிறது. கடற்றொழிலாளர் காணாமல் போன செய்திகளை நாங்கள் காலநிலைச் செய்தியாக வாசித்துவிட்டுப் போகிறோம். அதில் எத்தனை ஒரு அங்குல வயரின் செய்தி?

புதுப் பெட்டிகளில் இன்னொரு சிக்கல். 1923இல் ஒரு எதிரி நாட்டின் இராணுவச் சாமானையே திறந்து, விளங்கி, மாற்ற முடிந்தது. இப்போது சொந்தக் காசில் வாங்கின பெட்டியைத் திறக்க முடியாது. பசையிட்டு மூடி, உள்ளே மென்பொருள் பூட்டுப் போட்டு, பலகையில் ஒரு சிப் போனால் முழுப் பலகையையும் மாத்து எண்டு சொல்கிறார்கள். 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனைத் தடை செய்த பிறகு ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி கட்டாயமாயிற்று. தடை அடுத்த வருஷம் நீங்கியது, கருவி நின்றுவிட்டது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கிற நோக்கம் நல்லதுதான், கருவியில் கைவைக்க விடாததற்கும் காரணம் உண்டு. ஆனால் ஊரில் ஒருவரும் தொடக்கூடாத ஒரு பெட்டி ஊர்ப் படகில் இருந்தால், அது பழுதாகும்போது படகுதான் கரையில் நிற்கும். 2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல் உதிரிச் சாமான் வராத மாதங்களில் இது எல்லாருக்குமே விளங்கியது. அப்போது தொலைபேசியிலிருந்து மிக்ஸி வரைக்கும் உயிர் கொடுத்தது புறக்கோட்டையின் மேல்மாடி மேசைகள்தான்.

1999 பெப்ரவரி 1இலிருந்து உலகக் கப்பல்களின் அவசர அழைப்பு முறையிலிருந்து மோர்ஸ் நீங்கிவிட்டது. செய்மதி வந்துவிட்டது. மோர்ஸ் தெரிந்த ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்களும் கப்பல் வானொலி இயக்குநர்களும் கொழும்பில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வால்வு ரேடியோ திருத்தத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. இலங்கை ஒலிபரப்பின் நூறாவது வருஷம் 2025 டிசம்பரில் நிறைந்துவிட்டது. அறிவிப்பாளர்களின் குரலைச் சேகரிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் தேடுவது கொப்பிகளையும் பேர்களையும். உங்கட வீட்டில், பரணில், பழைய ட்ரங்குப் பெட்டியில் ரேடியோ லைசன்ஸ் புத்தகம், திருத்தகத்தின் பற்றுச்சீட்டு, கையால் வரைந்த சுற்றுப்படம், துறைமுக வேலை அட்டை ஏதாவது கிடந்தால் எறியாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். தாத்தா இருக்கிறார் எண்டால் அவர் கடைசியாகத் திருத்தின பெட்டி எது, அதில் என்ன பழுது, பக்கத்தில் நின்று வேலை செய்தவரின் பேர் என்ன எண்டு கேளுங்கள். முழுப் பேரையும், எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.